கயிற்றை அவிழ்ப்பதற்கு முன்: சிங்கப்பூர் டாக் ரன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிஷான் - அங் மோ கியோ பூங்காவில் இருக்கும் டாக் ரன்னுக்கு, அதாவது நாய்களை அவிழ்த்துவிட்டு ஓடவிடும் வேலி போட்ட இடத்துக்கு, ஆறு வருடங்களாக என் நாய் மிளகுடன் போய்வருகிறேன். மிளகு கலப்பினம், இங்கே ‘சிங்கப்பூர் ஸ்பெஷல்’ என்று செல்லமாகச் சொல்கிறார்களே, அந்த ரகம். புதிதாக நாய் வளர்க்கத் தொடங்கிய நம்மவர்கள் வேலியோரம் நின்று கேட்ட கேள்விகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். நான் பயிற்சியாளரும் இல்லை, கால்நடை மருத்துவரும் இல்லை. தப்புச் செய்து, செலவழித்து, கற்றுக்கொண்ட ஒரு நாய்க்காரன், அவ்வளவுதான்.

டாக் ரன் எதற்கு? காலையில் ஆள் இல்லாத புல்வெளியில் அவிழ்த்துவிட்டால் போதாதா?

கூடாது. சிங்கப்பூரில் பொது இடத்தில் நாய் கயிற்றில் இருக்க வேண்டும் என்பது சட்டம். மீறினால் 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். பூங்காவின் திறந்த புல்வெளியும் பொது இடம்தான், காலை ஆறு மணியானாலும் சரி. வேலி போட்ட டாக் ரன்னுக்குள் மட்டும் அவிழ்த்துவிடலாம். பிஷான், வெஸ்ட் கோஸ்ட், காத்தோங், ஜூரோங் ஏரித் தோட்டம் எனத் தீவின் பல மூலைகளில் இவை இருக்கின்றன.

சட்டத்தை விடுங்கள். பிஷான் பூங்காவுக்குள் காலாங் ஆறு ஓடுகிறது, அதில் நீர்நாய்க் குடும்பங்கள் வந்துபோகும். மிளகுக்கு ஒரு வயது இருக்கும்போது, ஒரு விடியற்காலையில், பத்து நீர்நாய்கள் வரிசையாகக் கரையேறி எங்கள் முன்னால் நடைபாதையைக் கடந்தன. குட்டிகளோடு இருக்கும் நீர்நாய் பின்வாங்காது, கடித்துவிடும். அன்று கயிறு கையில் இருந்தது. தோள்பட்டை வலியோடு தப்பித்தேன்.

உரிமம் வேண்டுமா?

வேண்டும். மூன்று மாதத்துக்கு மேற்பட்ட எல்லா நாய்க்கும் உரிமம் கட்டாயம். தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்குநல மருத்துவச் சேவைப் பிரிவு அதை வழங்குகிறது. கருத்தடை செய்த நாய்க்குக் கட்டணம் குறைவு, செய்யாததற்கு அதிகம்.

ராட்வைலர், டாபர்மேன், ஜெர்மன் ஷெப்பர்ட் போன்றவை சிறப்புப் பட்டியலில் உள்ள இனங்கள். அவற்றைப் பொது இடத்துக்குக் கொண்டு வரும்போது கயிற்றோடு வாய்மூடியும் கட்டாயம். “எங்க பையன் பூனைக்குட்டி மாதிரி” என்று சொல்லி வாய்மூடியைக் கழற்றாதீர்கள். மாட்டச் சொல்வது நாயைக் குறை சொல்வதற்காக அல்ல. வீட்டிலேயே வாய்மூடிக்குள் கோழித்துண்டு வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கினால், அதைப் பார்த்ததும் நாயே மூக்கை நுழைக்கும்.

எத்தனை மாதத்தில் கொண்டுபோகலாம்?

தடுப்பூசிகள் முடியாமல் கொண்டுபோகவே கூடாது. பார்வோ, டிஸ்டெம்பர் போன்ற நோய்களுக்கான குட்டிப்பருவ ஊசிகளில் கடைசி ஊசி பெரும்பாலும் பதினாறு வாரத்தில் அல்லது அதற்குச் சற்றுப் பின் வரும். அது உடலில் வேலை செய்யச் சில நாள் வேண்டும். பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். நூறு நாய்கள் கழிந்துவிட்டுப் போகிற இடத்தில் ஊசி முடியாத குட்டியை இறக்கிவிடுவது சூதாட்டம். லெப்டோஸ்பைரோசிஸ் (எலிக் காய்ச்சல்), கென்னல் காஃப் (நாய்களுக்குள் தொற்றும் இருமல்) ஊசிகளையும் மருத்துவரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். உண்ணி மருந்து மாதம் தவறக்கூடாது. நம் வெப்பநிலையில் உண்ணிக்கு ஓய்வுக் காலம் என்று ஒன்று கிடையாது, உண்ணிக் காய்ச்சலும் சாதாரண நோயில்லை.

ஊருக்குப் பழகியவர்கள் “ரேபிஸ் ஊசி?” என்பார்கள். சிங்கப்பூரில் 1953 முதல் ரேபிஸ் இல்லை. நாயோடு வெளிநாடு போகிற திட்டம் இருந்தால் அதைத் தனியாக விசாரியுங்கள்.

ஊசி முடிந்ததும் மறுநாளே கிளம்ப வேண்டுமா என்றால், அவசரம் வேண்டாம் என்பேன். ஐந்து மாதக் குட்டியை ஒரு பெரிய நாய் ஒருமுறை உருட்டிவிட்டால், அந்தப் பயம் ஆயுசுக்கும் போகாமல் இருக்கலாம். முதலில் தெரிந்தவர் வீட்டுச் சாதுவான நாய் ஒன்றிரண்டோடு பழகட்டும்.

வீட்டில் கூப்பிட்டால் ஓடி வருகிறான். அது போதும்தானே?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் செலவழிப்பேன். ஏனென்றால் டாக் ரன் தேர்வுக்கூடம். பள்ளிக்கூடம் வேறெங்கோ இருக்கிறது. பெரும்பாலானோர் பள்ளிக்கூடமே போகாமல் நேராகத் தேர்வெழுத வந்து நிற்கிறார்கள்.

வீட்டில் நாய் வருவதற்குக் காரணம், அங்கே உங்களைவிடச் சுவாரசியமான எதுவும் இல்லை. வெளியே அப்படியல்ல. ஆகவே படிப்படியாகப் போக வேண்டும்: கூடம், அப்புறம் வீட்டு வாசல் நடைபாதை, அப்புறம் கூட்டமில்லாத நேரத்தில் புளோக்கின் கீழ்த்தளம், அப்புறம் பூங்கா. ஒவ்வோர் இடத்திலும் பத்துக்கு ஒன்பது முறை முதல் அழைப்பிலேயே திரும்பினால் அடுத்த இடம். பூங்காவில் பழக்க, பத்து மீட்டர் நீளக் கயிறு ஒன்று வாங்குங்கள். அதைக் கழுத்துப்பட்டையில் மாட்டாமல், மார்பைச் சுற்றிப் போடும் ஹார்னஸில் மாட்டுங்கள். ஓடி வந்த வேகத்தில் கயிறு முடியும்போது கழுத்து வெட்டி இழுக்கப்படக் கூடாது. பொத்தானை அழுத்தினால் நீளும் கயிறு இதற்கு உதவாது.

கடைசிப் படி, டாக் ரன் வேலிக்கு வெளியே. உள்ளே நாய்கள் குதித்துக்கொண்டிருக்கும்போது, இருபது மீட்டர் தள்ளி நின்று கூப்பிடுங்கள். முகத்தைத் திருப்பி உங்களிடம் வருகிறதா? பத்து மீட்டரில்? ஐந்தில்? ஐந்து மீட்டரில் வருகிற நாயை உள்ளே கொண்டுபோகலாம். மிளகுக்கு இதற்கு நான்கு மாதம் ஆனது. பக்கத்து புளோக் லாப்ரடோர் மூன்று வாரத்தில் முடித்துவிட்டது. அதன் வயிறு அப்படி, தின்பண்டம் என்றால் எதையும் செய்யும்.

எல்லோரும் செய்கிற ஒரு தப்பு உண்டு. நாய் ஆடி மகிழ்ந்துகொண்டிருக்கும். நாம் ஒரே ஒருமுறை கூப்பிடுவோம், அதுவும் வீட்டுக்குப் போக. நாய் கணக்குப் போட்டுவிடும்: ‘இவர் கூப்பிட்டால் ஆட்டம் முடிந்தது.’ நாலாவது வாரம் எட்டவே நிற்கும். அதனால் சும்மாவே அடிக்கடி கூப்பிடுங்கள். வந்ததும் தடவிக்கொடுத்து, “போ, விளையாடு” என்று திரும்ப அனுப்புங்கள். பத்து அழைப்பில் ஒன்பது இப்படியே இருக்கட்டும். தாமதமாக வந்ததற்காகத் திட்டவே கூடாது. வந்ததற்குத்தான் திட்டு கிடைத்தது என்று அது எடுத்துக்கொள்ளும்.

எந்தச் சொல்லால் கூப்பிடுவது?

தமிழ் வீடுகளுக்கே உரிய சிக்கல் இது. ‘வா’ என்ற சொல் நம் வீட்டில் ஒரு நாளில் எத்தனை முறை விழுகிறது என்று எண்ணிப் பாருங்கள். “சாப்பிட வா”, “போன்ல அத்தை, வா”, “வாங்க வாங்க உட்காருங்க”, “சீக்கிரம் வாடா, பஸ் போயிடும்”. இவற்றில் ஒன்றுகூட நாய்க்கானது இல்லை. அது நாள் முழுக்க அந்தச் சொல்லைக் கேட்டு, ஒன்றும் நடக்காததைப் பார்த்து, பொருளில்லாத ஓசை என்று ஒதுக்கிவிடுகிறது. இன்னொரு பக்கம் பிள்ளைகள் ‘கம்’ என்கிறார்கள், தாத்தா ‘இந்தா இந்தா’ என்கிறார், பணிப்பெண் அவர் மொழியில் கூப்பிடுகிறார். நாய் பாவம், யார் சொல்வதைக் கேட்கும்?

வீட்டில் வேறெதற்கும் பயன்படாத ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்து, எல்லோரும் அதையே சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அது ‘தித்தித்தை’. டாக் ரன்னில் கத்தினால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள், பரவாயில்லை. விசில் இன்னும் நல்லது. கோபமோ பதற்றமோ அதன் ஓசையில் கலக்காது, யார் ஊதினாலும் ஒரே மாதிரி இருக்கும்.

சொல்லை ஒருமுறை மட்டும் சொல்லுங்கள். “வா வா வா வா” என்று அடுக்கினால், நாலாவது ‘வா’வுக்கு வந்தால் போதும் என்று கற்றுக்கொடுத்ததாக ஆகிவிடும்.

முதல் நாள் எப்படிப் போவது?

முதல் நாள் நாயில்லாமல் போங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை. அரை மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்து எந்த நேரத்தில் எந்த நாய்கள் வருகின்றன, யார் நாயைக் கவனிக்கிறார், யார் கவனிப்பதில்லை, இரட்டைக் கதவு சரியாகப் பூட்டுகிறதா, வாசலில் இருக்கும் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

நாயோடு போகும் நாள், வார நாளில் ஆள் குறைந்த காலை நேரமாக இருக்கட்டும். உள்ளே நுழைவதற்கு முன் வெளியே பத்து நிமிடம் நடந்து, மோந்து, சிறுநீர் கழித்துக் கொஞ்சம் ஆற வேண்டும். உள்ளே இருக்கிற நாய்கள் கதவருகே கும்பலாக வந்து நின்றால், அவை கலையும்வரை காத்திருங்கள். புதிய நாயை நாலு பேர் சூழ்ந்து மோப்பம் பிடிக்கும் அந்த வாசல்தான் பெரும்பாலான சண்டை தொடங்கும் இடம். இரண்டு கதவுகளுக்கும் நடுவில் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள். மற்றவை சுதந்திரமாகத் திரியும்போது ஒன்று மட்டும் கயிற்றில் இருந்தால், தப்பித்து ஓட வழியில்லை என்று அதற்குத் தெரியும். அந்த இறுக்கமே சீற்றமாக மாறும்.

உள்ளே போனதும் நடந்துகொண்டே இருங்கள், ஒரே இடத்தில் நிற்காதீர்கள். பதினைந்து நிமிடத்தில் கிளம்பிவிடுங்கள், நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே.

விளையாடுகிறதா சண்டை போடுகிறதா, எப்படித் தெரிந்துகொள்வது?

சத்தத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். விளையாடும்போது உறுமுகிற நாய்கள் ஏராளம். நான் உடலைப் பார்ப்பேன். முன்னங்கால்களைத் தாழ்த்திப் பின்பக்கத்தைத் தூக்கினால் ‘விளையாட வா’ என்று அழைப்பு. உடல் தளர்வாக, பாம்பு மாதிரி வளைந்து நெளிந்தால் நல்லது. துரத்துகிறவர் மாறி மாறி வர வேண்டும். ஒருதடவை இது, மறுதடவை அது. நடுநடுவே இரண்டும் நின்று உதறிக்கொள்ள வேண்டும்.

உடல் விறைத்து, வாய் மூடி, அசையாமல் நின்றால் அந்த இரண்டு விநாடியில் நீங்கள் கூப்பிட்டாக வேண்டும். கண்ணின் வெள்ளை தெரிகிறது, தலை இன்னொன்றின் தோள்மீது ஏறுகிறது, வால் உயர்ந்து விறைப்பாக வேகமாக ஆடுகிறது என்றாலும் அப்படியே. வாலாட்டும் நாய் கடிக்காது என்பது தப்பு. வாலாட்டுவது உள்ளே ஏதோ கிளர்ச்சி இருக்கிறது என்பதை மட்டும்தான் சொல்லும்.

சந்தேகம் வந்தால் ஒரு சோதனை: துரத்துகிற நாயைச் சற்றுப் பிடித்து வையுங்கள். ஓடிக்கொண்டிருந்தது திரும்பி வந்து “ஏன் நிறுத்தினாய்?” என்பதுபோலச் சீண்டினால் விளையாட்டுத்தான். கிடைத்தது வழி என்று உங்கள் கால்களுக்குப் பின்னால் ஒளிந்தால், அது இவ்வளவு நேரம் விளையாடவே இல்லை.

“நாய்களே பேசித் தீர்த்துக்கொள்ளும், விடுங்கள்” என்று ஒரு பெரியவர் கட்டாயம் சொல்வார். மரியாதையாகத் தலையாட்டிவிட்டு உங்கள் நாயைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

நான் அங்கே என்ன செய்ய வேண்டும்? நாய்தானே விளையாடுகிறது?

கைபேசியைப் பையில் வையுங்கள். இந்த ஒன்றைச் செய்தாலே பாதி வந்துவிடும். நான் பார்த்த சண்டைகளில் அநேகமாக எல்லாவற்றிலும் ஓர் உரிமையாளராவது குனிந்த தலையோடு இருந்தார். கிளர்ச்சி ஏறுவதற்கு நேரம் பிடிக்கும், அதைக் கண்ணால் பார்க்கலாம், பார்க்கிறவர் இருந்தால்தான். இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை கூப்பிட்டு, ஆறவிட்டு, திரும்ப அனுப்பினால் அந்தக் கொதிநிலை வராது. கழிந்ததை அள்ளுவதும் உங்கள் வேலைதான், மூலையில் போனாலும்.

பந்து, தின்பண்டம் கொண்டுபோகலாமா?

வேண்டாம். மிளகு வீட்டில் பந்தை விட்டுக்கொடுப்பவன். டாக் ரன்னில் யாரோ விட்டுப்போன டென்னிஸ் பந்தைக் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு படுத்திருந்தான். ஒரு கோல்டன் ரிட்ரீவர் சாதாரணமாக மோந்து பார்க்க வந்தது. மிளகு கடித்ததில் அதன் காதில் இரண்டு தையல். மருத்துவச் செலவை நான் கொடுத்தேன். அந்த நாயின் உரிமையாளரான அம்மாவின் முகத்தைப் பார்க்க மூன்று மாதம் வெட்கமாக இருந்தது. தவறு பந்தின்மேலும் இல்லை, மிளகின்மேலும் இல்லை. அவன் உடல் பந்தின்மேல் விறைத்ததை நான் பார்த்தேன், “அழகாகக் காவல் காக்கிறான்” என்று சிரித்தேன்.

தின்பண்டம் கொஞ்சம் வைத்திருக்கலாம், மூடிய பையில். கொடுப்பதாக இருந்தால் மற்ற நாய்களிடமிருந்து விலகி வந்து கொடுங்கள். அடுத்தவர் நாய்க்குக் கேட்காமல் கொடுக்காதீர்கள், ஒவ்வாமை இருக்கலாம்.

எங்களுடையது ஷிட்ஸூ. பெரிய நாய்களோடு விடலாமா?

தனிப் பகுதி இருந்தால் அதில் விடுங்கள். இல்லையென்றால், பெரிய நாய்கள் ஓடித் திரியும்போது உள்ளே போகாதீர்கள். நல்ல குணமுள்ள பெரிய நாய்கூட, கீச்சென்று கத்திக்கொண்டு ஓடும் சிறிய உருவத்தைப் பார்த்ததும் ஒரு கணம் அதை இரையாகப் பார்த்துவிடும். கெட்ட எண்ணத்தில் நடப்பதில்லை, பழைய இரத்தம். பயந்து நாயைத் தூக்கிக் கையில் வைத்துக்கொள்வதும் சிக்கல்தான்: மற்றவை உங்கள்மேல் தாவும்.

பிள்ளைகளை அழைத்துப் போகலாமா?

சின்னப் பிள்ளைகள் வேண்டாம். முப்பது கிலோ நாய் முழு வேகத்தில் மோதினால் பெரியவர்களுக்கே முழங்கால் போய்விடும்.

வெயில்?

இதை யாரும் கேட்பதில்லை, நானே சேர்க்கிறேன். நாய்க்கு நம்மைப் போல உடல் முழுக்க வியர்க்காது. மூச்சிரைத்து, நாக்கின் ஈரத்தை ஆவியாக்கித்தான் சூட்டைத் தணிக்கும். நம் காற்றிலோ ஏற்கெனவே ஈரம் நிரம்பிக் கிடக்கிறது, ஆவியாக இடமில்லை. அதனால் முப்பது டிகிரியே இங்கே அதிகம். பக், ஃபிரெஞ்சு புல்டாக், ஷிட்ஸூ போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சுப்பாதையே குறுகல். காலை எட்டுக்கு முன், அல்லது பொழுது சாய்ந்த பின் போங்கள். நடைபாதையில் புறங்கையை வைத்துப் பாருங்கள். ஐந்து விநாடி தாங்கவில்லை என்றால் பாதத்துக்கும் ஆகாது. தண்ணீர்க் கிண்ணம் சொந்தமாகக் கொண்டுபோங்கள்.

நாக்கு அகலமாகித் தொங்கி, ஈறு கருஞ்சிவப்பாகி, எச்சில் கெட்டியாகி, நடை தள்ளாடினால் வெப்பத்தாக்கு. நாயின் இயல்பான வெப்பநிலை 38-லிருந்து 39 டிகிரிக்குச் சற்று மேல்வரை. 41-ஐத் தொட்டால் உயிருக்கு ஆபத்து. முதலில் குளிர்விக்க வேண்டும், பிறகுதான் டாக்ஸி. குழாய்த் தண்ணீரை உடல் முழுக்க ஊற்றிக்கொண்டே விசிறுங்கள். ஈரத்துண்டைப் போர்த்தி அப்படியே விட்டுவிடக் கூடாது; அது சூட்டை உள்ளே அடைத்துவிடும். பிறகு மருத்துவமனை, நாய் எழுந்து நின்றுவிட்டாலும்கூட.

சண்டை வந்துவிட்டால்?

கழுத்துப்பட்டையைப் பிடிக்கக் கையை நீட்டாதீர்கள். மனிதர்களுக்குக் கடி விழுவது அப்போதுதான். பலத்த சத்தம், ஒரு வாளித் தண்ணீர், இரண்டுக்கும் நடுவில் படாரென்று விரிக்கும் குடை. இந்த ஊரில் குடையில்லாத பை ஏது? கவ்விப் பிடித்திருந்தால் இழுக்கக் கூடாது, சதை கிழியும். பிடி தளர்ந்த கணத்தில் இரண்டு உரிமையாளர்களும் ஒரே நேரத்தில் தங்கள் நாயின் பின்னங்கால்களைத் தூக்கிப் பின்னால் நடக்கலாம். அப்போதும் அது திரும்பிக் கடிக்க வாய்ப்பு உண்டு; வேறு வழியே இல்லாதபோது மட்டும் செய்யுங்கள்.

பிறகு ரோமத்தை விலக்கிப் பாருங்கள். பல் பட்ட துளை மேலே சிறிதாக இருக்கும், உள்ளே தோல் சதையிலிருந்து பிய்ந்திருக்கும். அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். உங்களுக்குக் கடி என்றால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரிடம் போங்கள். ரேபிஸ் இல்லாவிட்டாலும் சீழ் பிடிக்கும், டெட்டனஸ் ஊசியும் தேவைப்படலாம். யார் நாய் தொடங்கியது என்ற பேச்சை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். தொலைபேசி எண்களை மட்டும் அப்போதே மாற்றிக்கொள்ளுங்கள்.

பெண் நாய்க்குப் பருவம் வந்திருக்கிறது. போகலாமா?

மூன்று வாரம் வீட்டில் இருக்கட்டும்.

வழியில் நாய்க்குப் பயப்படுகிறவர்கள் இருக்கிறார்களே?

இருக்கிறார்கள், அதுவும் உங்கள் தயாரிப்பில் சேர்த்தி. மின்தூக்கியில் யாராவது இருந்தால் “போங்கள், நான் அடுத்ததில் வருகிறேன்” என்று சொல்லிவிடுங்கள். மலாய் முஸ்லிம் அண்டை வீட்டாருக்கு நாயின் எச்சில் பட்டால் முறைப்படி கழுவ வேண்டியிருக்கும்; தொழுகைக்குக் கிளம்பிய நேரத்தில் அந்தச் சங்கடம் வேண்டாம். குறுகிய பாதையில் கயிற்றைச் சுருக்கி, நாயை உங்கள் மறுபக்கம் கொண்டுவந்து நடங்கள். நாலு முறை இப்படிச் செய்தால், ஐந்தாவது முறை அவர்களே “பேரென்ன?” என்று கேட்பார்கள்.

எங்கள் நாய்க்கு அங்கே பிடிக்கவே இல்லை. என்ன குறை?

ஒரு குறையும் இல்லை. வளர்ந்த நாய்கள் பலவற்றுக்கு முன்பின் தெரியாத இருபது நாய்களோடு பழகும் ஆசை கிடையாது. உங்களை ஒரு திருமண மண்டபத்தில், யாரையும் தெரியாத கூட்டத்தில், தினமும் ஒரு மணி நேரம் விட்டால் எப்படி இருக்கும்? உள்ளே போனதும் கதவருகே நிற்கிறது, உங்கள் காலைச் சுற்றுகிறது, கொட்டாவி விடுகிறது, உதட்டை நக்குகிறது என்றால் பதில் சொல்லிவிட்டது.

அந்தப் பத்து மீட்டர் கயிறு இருக்கிறதே, அதை ஹார்னஸில் மாட்டி, ஆளில்லாத மூலைக்குக் கூட்டிப்போய், போகிற வழியெல்லாம் மோப்பம் பிடிக்க விடுங்கள். நாற்பது நிமிடம் அப்படிச் சுற்றினால் ஓடி ஆடிய அளவுக்கு அசந்து தூங்கும். மிளகுக்கு இப்போது ஏழு வயது. டாக் ரன் வேலியை வெளியிலிருந்து ஒரு சுற்று மோந்துவிட்டு, உள்ளே கத்துகிற இளவட்டங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஆற்றுப் பக்கம் இழுக்கிறான். அங்கே நீர்நாய் வாடை வரும். கயிற்றை இரண்டு சுற்றுக் கையில் சுற்றிக்கொள்கிறேன்.